நல்ல சேதிக்கு ஒரு கடலை மிட்டாய்

மார்ச் 9, ஞாயிறு

படப்பையில் டியூஷன் சென்டர் மாடியில் எங்கள் சேவைச் சங்கக் கூட்டம். நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு கடலை மிட்டாய்கூட வாங்கவில்லை.

கூட்டம் முடியும்போது 'நல்ல சேதி நேரம்' என்று ஒன்று உண்டு. அந்த வாரம் நடந்த நல்லதை எழுந்து சொல்ல வேண்டும். சொன்னவருக்கு டப்பாவிலிருந்து ஒரு மிட்டாய். சொல்லாதவருக்குக் கிடையாது. தலைவர் மோகன்ராஜ் சார் டயர் கடைக்காரர், எல்லோரிடமும் இளகிய மனிதர்; மிட்டாய் விஷயத்தில் மட்டும் கறார்.

எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் இருக்கும் பிரவீன்குமார், "இந்த வாரம் பூரா சூப்பர்வைசர் லீவு" என்றான். கைதட்டல். மிட்டாய்.

கேன்டீனில் சமைக்கும் கிளியம்மாள் அக்கா எழுந்தார். அவர் கணவர் அப்பாவு பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். "எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, ரசம் நல்லா கீதுன்னாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து மொத தடவ."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பைவிட வியப்புதான் அதிகம். நான் படித்த புத்தகங்களில் மனிதர்கள் துக்கத்தைத்தான் இத்தனை நுணுக்கமாகச் சொல்கிறார்கள். ஒரு கிண்ணம் ரசத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைக்க இவர்களுக்கு எங்கிருந்து துணிச்சல்?

மார்ச் 12, புதன்

இடக்கண்ணை மூடிக்கொண்டு நாவலைப் பிரித்தேன். வரிகள் இல்லை. சாம்பல் கறைகள்.

மார்ச் 22, சனி

மறுபடி கண் ஆஸ்பத்திரி. வலது கருவிழி கூம்பி, நடுவில் தழும்பாகிவிட்டது. இனி லென்ஸ் உதவாது, மாற்றுக் கருவிழிதான் வழி. போன மழைக்காலத்திலேயே பதிவு செய்தாயிற்று. "கிடைச்சதும் கூப்பிடுவோம்" என்கிறார்கள். இடக்கண்ணும் மெல்ல அதே பாதையில் போகிறதாம். நான் குவாலிட்டியில் இருக்கிறேன். பாகங்களைக் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது சொல்வதற்குத்தான் சம்பளம்.

ரயிலில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். "யார் கிட்டயும் மூச்சு விடாத மதி. கம்பெனிக்கும் தெரியக் கூடாது. நாளைக்கு ஒரு வரன் வந்தா, கண்ணு சரியில்லாத பொண்ணுன்னு பேராயிடும்."

சொல்வதற்கு ஆள் யார் இருக்கிறார்கள் எனக்கு? இந்த நோட்டைத் தவிர.

ஏப்ரல் 17, வியாழன்

சங்கத்தின் முக்கியமான வேலை கண்தானம். இறந்தவர் வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். இன்று முதல் முறையாக நானும் போனேன், வடக்குப்பட்டுக்கு.

இறந்தவரின் மகள் ஒப்புக்கொண்டாள். ஆனால் மோகன்ராஜ் சார், "காத்து பட்டா கண்ணு காஞ்சிடும், ஃபேன நிறுத்திடலாமா?" என்று கேட்டதும் உடைந்துபோனாள். "நிறுத்தாதீங்க! அப்பாவுக்கு வேர்க்கும். ஃபேன் இல்லாம அவரால தூங்கவே முடியாது."

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கிளியம்மாள் அக்காதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வேர்க்கட்டும்மா. நீ தொடச்சி வுடு. கண்ண மட்டும் வுட்டுடு."

அந்தப் பெண் தானே எழுந்து ஃபேனை நிறுத்தினாள். டாக்டர் வரும்வரை, ஒரு துளி வேர்வை இல்லாத அந்த நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பியும் சாப்பிடத் தோன்றவில்லை. இழந்த அந்த வேளையிலேயே கொடுக்கவும் முடிகிறது மனிதர்களுக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

"வடக்குப்பட்டுல ரெண்டு கண்ணு கிடைச்சிருக்கு" என்று மோகன்ராஜ் சார் நல்ல சேதி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? ஏதோ ஒரு வீட்டில் ஃபேன் நிற்பதற்கு. வேறென்ன?

மே 13, செவ்வாய்

அப்பாவு அண்ணன் போய்விட்டார். காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மோகன்ராஜ் சார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எப்படிம்மா கேக்கறது? ஊரான் வூட்ல கேட்டுருவேன். இது நம்ம அக்காவாச்சே."

உள்ளே போனோம். வீடு நிறைய ஜனம், எல்லோர் முகத்திலும் வேர்வை. ஃபேன் நின்றிருந்தது. அண்ணனின் தலைக்கு உயரமாகத் தலையணை, மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தோடு அக்கா.

"இன்னா சார் லேட்டு? டாக்டரு வண்டி எங்க?"

சார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஞ்சை நனைக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அக்கா என் தோளில் சாய்ந்தார். "நேத்து போவும்போது ரசம் வெக்க சொன்னாரு மதி. வெச்சிட்டேன். அடுப்புல அப்படியே கீது."

பஞ்சைப் பிழியும்போது ஒரு எண்ணம் வந்தது. எழுத மாட்டேன்.

எழுதுகிறேன். இது எனக்கு வருமோ?

சீ.

மே 15, வியாழன்

போன் வந்துவிட்டது. "கருவிழி வந்திருக்கு. ஒண்ணும் சாப்பிடாம கிளம்பி வாங்க."

அட்மிஷனில் நர்ஸிடம் யாருடையது என்று கேட்டேன். "அது சொல்ல மாட்டோம்மா. எங்கெங்கிருந்தோ வருது."

எங்கெங்கிருந்தோ. ஆமாம், யாருடையதாகவும் இருக்கலாம்.

மே 17, சனி

கட்டுப் பிரித்தார்கள். ஒரே பனி. பனிக்குள் ஜன்னல் கம்பிகள்.

பல வருடங்களாக எனக்கு ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பேய்க்கம்பி கூடவே தெரியும். இன்று மங்கல்தான், ஆனால் கம்பி ஒவ்வொன்றும் தனியாக நின்றது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உலகத்தைப் பார்த்த அதே வாசல் வழியாக இப்போது என் அம்மாவின் முகம் உள்ளே வருகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது? நான் படித்த எதிலும் இதற்குச் சொல் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

கறுப்புக் கண்ணாடியோடு சங்கத்துக்குப் போனேன். பிரவீன்குமார் நாற்காலியோடு நகர்ந்தான். "மெட்ராஸ் ஐ-யா? மதிக்கா, தள்ளி ஒக்காருங்க! எனக்கு இந்த வாரம் ஓவர்டைம் கீது!"

"ஆமாம்பா" என்றேன். அம்மா சொல்லி அனுப்பியதும் அதுதான்.

காரியமெல்லாம் முடிந்து கிளியம்மாள் அக்காவும் வந்திருந்தார். நல்ல சேதி நேரத்தை விட்டுவிடலாமா என்று மோகன்ராஜ் சார் தயங்கினார். அக்கா எழுந்துவிட்டார்.

"கண் பேங்குலேர்ந்து போன் பண்ணாங்க. ரெண்டு பேருக்கு வெச்சாச்சாம். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். யாரா இருந்தா இன்னா? ஆனா ஒண்ணு, அது வாட்ச்மேன் கண்ணு. வெச்சிக்கினவங்க வூட்ல ஒரு பூனை உள்ள பூர முடியாது."

அவரே முதலில் சிரித்தார். பிறகு நாங்கள். மிட்டாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற யாராச்சும்?" என்றார் சார், வழக்கம்போல. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"மெட்ராஸ் ஐ இல்ல. போன மாசம் எனக்குக் கருவிழி வெச்சாங்க. வலது கண்ணுல. கொஞ்சம் கொஞ்சமாத் தெரியுது."

ஒருவரும் கைதட்டவில்லை. மோகன்ராஜ் சார் டப்பாவைத் திறந்து கையில் வைத்தபடியே நின்றார்.

அக்கா என்னையே பார்த்தார். எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி — எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்தார். என்னைத் தாண்டிச் சுவர் பக்கம் போய், என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார்.

"ஃபேனுக்குக் கீய ஒக்காராத மதி. காஞ்சிடும்."

ஜூன் மாத மத்தியானம், தகரக் கூரை. பிரவீன்குமார் நாற்காலியை மறுபடி என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். கூட்டம் முடியும்வரை எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. ஃபேனைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.