உச்சிக்குழியும் உங்கள் இடப்பக்கமும்

கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண், கைக்குழந்தைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். உச்சிக்குழியில் விளக்கெண்ணெயைத் தொட்டு வைத்தேன். விரலுக்கடியில் அது துடித்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். வராமல் என்ன செய்வீர்கள், எண்ணெய் வாசனைக்கே ஓடிவந்து தலையைக் குனிகிற ஆளாயிற்றே!

நம் மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம். சித்தையன்கோட்டையில் தேங்காய் விலை பேசிவிட்டுத் திரும்பும்போது நாய் குறுக்கே வந்து, வண்டியோடு விழுந்தீர்கள். மூளை வீங்கியிருக்கிறது என்று மதுரையில் உங்கள் மண்டையின் இடப்பக்க எலும்பை உள்ளங்கை அளவுக்கு எடுத்து, கெடாமல் இருக்க உங்கள் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்தபின் எடுத்துப் பொருத்த வேண்டுமாம். நான் அழுது தீர்த்தேன். நீங்களோ வீட்டுக்கு வந்ததும் வயிற்றைத் தொட்டுக் காட்டினீர்கள்.

"எனக்கு மூளையே வயித்துலதான்னு வைவியே, இப்ப மண்டையோடும் அங்கதான் இருக்கு."

"தலை ஒரே எலும்பு இல்லம்மா, பல எலும்பு சேர்ந்தது. பச்சப்பிள்ளைக்கு நடுவுல இடைவெளி இருக்கும், வளர வளர மூடிக்கும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். மறுபடி ஆபரேஷன் என்றால் அவ்வளவு பயம். "பிள்ளைக்கு மூடுறப்ப எனக்கும் தானா மூடும், பாரேன்." வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய், சனிக்கிழமை உங்கள் தலைக்கு. இரண்டிலும் துடிப்பு. "யாருக்கு முந்தி மூடுது?" என்று கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு மூடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விரலை வைத்தேன், கெட்டியாக இருந்தது. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் கையில் தம்ளரை ஆட்டிக்கொண்டு, உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தத்தித் தத்தி வந்தாள். தம்ளர் பட்டுவிடுமோ என்று தலையணையால் தலையை மறைத்துச் சுவரோடு ஒண்டினீர்கள். பிள்ளை மிரண்டு அழுதாள்.

"பெத்த பிள்ளையக் கண்டு ஒளியுறேனே..." தலையணைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "இந்தா, மதுரைக்குக் கெளம்பு."

எலும்பைப் பொருத்தித் தேறியபின் அவளைத் தோளில் ஏற்றி, தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பஜார் முழுக்கச் சுற்றிக் காட்டினீர்கள். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு வரப்பு மட்டும் நின்றது. போன வருடம் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோகும்வரை, சனிக்கிழமைதோறும் என் விரல் அந்த வரப்பில் ஏறி இறங்கியது.

"குழி உச்சியிலதானக்கா இருக்கு? இடப்பக்கம் ஏன் இம்புட்டு பயந்து தடவுறீங்க?" என்றாள் கீழ்வீட்டுப் பெண்.

"பழகிப்போச்சும்மா" என்றேன். என் கை இன்னும் உங்கள் தலைக்குத்தான் எண்ணெய் வைக்கிறது.