ஓடாத டயருக்கும் வயசாகும்

செப்டம்பர் 14
கிலா பெண்ட் ஊரைத் தாண்டியதும் எங்கள் டிரெய்லர் வீட்டின் பின் டயர் ஒன்று வெடித்தது. ரப்பர் வீட்டின் அடித்தரையைக் கிழித்து மேலே வந்து என் மெத்தையில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. நல்லவேளை, ஓடும்போது நாங்கள் மூவரும் முன்னால் அதை இழுக்கும் பிக்கப்பில்தான் இருப்போம். அப்பா கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்து, "பட்டனெல்லாம் தேயாம புதுசாட்டம் இருக்கே" என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

செப்டம்பர் 15
குவார்ட்ஸைட். ஸ்பேரை மாட்டி வந்து சேர்ந்தோம். ஓட்டையில் பலகை அடித்தாயிற்று. எங்களுக்கு வீடு என்று இருப்பது இது ஒன்றுதான். மாதக் கடைசியில் மொன்டானாவில் பீட்கிழங்கு அறுவடை. பிந்தினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

போனில் படித்தேன். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே, வெயிலில் நின்று நின்றே கெட்டுவிடுமாம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு எண்தான் அதன் வயது: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அடியில் படுத்துப் பார்த்தேன். நான்கு டயரும் 2014-இல் செய்தவை. அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லச் சொன்னாள்.

செப்டம்பர் 16
சொல்லவில்லை.

செப்டம்பர் 17
அம்மாவே சொல்லிவிட்டாள். நான்கையும் மாற்றுவதாக முடிவு. பக்கத்து டிரெய்லர்க்காரர் கார் டயர் சும்மா தருகிறேன் என்றாராம். அது இந்த எடையைத் தாங்காது என்று அம்மா மறுத்துவிட்டாள்.

செப்டம்பர் 18
டயர் கடை. கடைக்காரர் பெயர் டெல்பர்ட். டிரெய்லருக்கென்றே செய்த டயர், அளவு சரி, தாங்கும் எடையும் சரி. ஒரு மைல்கூட ஓடாதது என்று நான்கைத் தரையில் அடுக்கிவைத்தார். அப்பா வாங்குவதாகக் கைகொடுத்துவிட்டார். நான் எண்ணைப் பார்த்தேன். 2716: 2016-ஆம் வருடத்து இருபத்தேழாவது வாரம்.

அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா, "எந்திரி கண்ணு, வண்டியில ஏத்தணும்" என்றார். எழுந்திருக்கவில்லை. பாப்பாவுக்கு மயக்கமா என்று கேட்டு டெல்பர்ட் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். அப்போதும் எழவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்?

"இதைச் செஞ்சப்போ நான் ஸ்கூல் போயிட்டிருந்தேன்ப்பா."

அப்பா குனிந்து எண்ணைப் பார்த்தார். கடைக்குள்ளேயே இருந்த சரக்கு, வெயிலே படவில்லை என்றார் டெல்பர்ட்.

"அதெல்லாம் சரி அண்ணே. இவ வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பேசுவா, ஒண்ணை இங்க செலவழிச்சுட்டா. வேற காட்டுங்க."

வேறு இல்லை. வரவழைக்க வேண்டும்.

செப்டம்பர் 20
டயர் வரவில்லை. அப்பா நாள்காட்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. பிந்திவிட்டால்? என்னால்தானே?

செப்டம்பர் 21
வந்தது. இந்த வருடம் மே மாதத்தில் செய்தவை. காற்று பிடிக்குமுன் அப்பா என்னைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

செப்டம்பர் 23
யூட்டா. அப்பா அறுபது மைல் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுகிறார். வண்டி நிற்கும் இடமெல்லாம் நான் டயரைத் தொட்டுப் பார்க்கிறேன். நான்கிலும் சூடு ஒரே அளவுதான், எதுவும் தனியாகக் கொதிக்கவில்லை.

செப்டம்பர் 26
சிட்னி, மொன்டானா. ஒன்றும் வெடிக்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாளை இரவு முதல் வேலை.

அப்பா அறுவடை ஆட்களின் முகாம் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிவைத்துவிட்டார். சாயங்காலம் கதவைத் திறந்தால் மூன்று பேர் நிற்கிறார்கள், தங்கள் டயரைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். திரும்ப மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் செருப்பு மட்டும்தான் தெரிகிறது.