நின்றுபோன மீட்டர்

செவ்வாய், இரவு.

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் வெட்டும் மெஷின் தாமதிக்கிறது என்று, நேற்று அதன் புரோகிராமில், எண்களை அதிக இலக்கங்களோடு வைக்கும் டபுள் பிரிசிஷனை எல்லாம் இலக்கம் குறைந்த சிங்கிளாக மாற்றினேன். வேகம் வந்தது. இன்று மதியம் ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார்.

"கம்பி ஓடிக்கினே கீது, மீட்டர் மட்டும் நின்னுபோச்சு. இன்னான்னு பாரும்மா."

சிங்கிளில் ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நிற்கும். மீட்டர் காட்டும், ஓடிய மொத்த நீளம் பெரிதானதும், அதனுடன் கூட்டிய மில்லிமீட்டர்கள் கணக்கில் ஏறவே இல்லை. மொத்தத்தை மட்டும் டபுளுக்குத் திருப்பினேன். வேகம் குறையவில்லை.

அதற்குள் மேனேஜர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஷிஃப்ட்ல தூங்கினியா?" என்று எல்லோர் முன்னாலும் அண்ணனைத் திட்டியிருக்கிறார். தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"அதான் சரியாயிடுச்சே, விடும்மா" என்றார்.

விடச் சொல்வதற்கு, திட்டு வாங்கியது அவரா?