ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஆமாம்

கொரட்டூர்,
புதன்கிழமை

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம், ஓமனில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் உன் பெயரில் ஒரு ஜெபமாலை சொல்கிறோம். ஃபோன் இருக்க இந்த மனிதர் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். எதிர் ஃபிளாட் சித்ரா வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறாள், அம்மா சுட்ட முறுக்கோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீ ஃபோன் பண்ணினாய், கடைசியில் என்னிடம் ஏதோ கேட்டாய், நான் சிரித்துக்கொண்டே ஆமாம்மா என்று சொல்லி ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் அம்மா சொல்கிறாள், நான் இங்க வந்ததுல உங்களுக்கு இன்னும் கோவமாப்பா என்று நீ கேட்டாயாம், அதற்குத்தான் நான் ஆமாம் போட்டேனாம், அப்புறம் நீ அவளிடம் அழுதாயாம். கண்ணு, நீ கேட்டது என் காதில் விழவே இல்லை. நீ போன இந்த எட்டு மாதத்தில் ஃபோனில் நீ பேசியது எதுவுமே எனக்குச் சரியாகக் கேட்டதில்லை. கோபம் என்று நினைத்து நீ அங்கே தவித்துக்கொண்டிருக்க, கௌரவம் பார்த்து நான் இங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ கிளம்பும்போது முரண்டு பிடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது ஏர்போர்ட்டிலேயே போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பே ஆவடியில் காது டாக்டரைப் பார்த்தோம். வலது காது முக்கால்வாசி போய்விட்டதாம், இடது பாதி. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்தீர்களா என்று அவரே கேட்டார். கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம், அதனால் பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் சரியாகப் பிடிபடாதாம். எனக்குக் கோயில் மணி கேட்கிறது, ஐயப்பன்தாங்கல் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, உன் குரல்தான் கேட்கவில்லை. வேறு எது போயிருந்தாலும் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள், குறை சொல்லக் கூடாது. நான்தான் இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு வலது காதைத் திறந்து விட்டிருந்தேன், இடதிலும் அரிக்கிறது என்று பாதி நேரம் கழற்றிவிடுவேன். மெஷின் அடிக்கிற சத்தத்தை வைத்தே டை, அதுதான் தகட்டை அமுக்குகிற இரும்பு அச்சு, எங்கே உடையப்போகிறது என்று சொல்லிவிடுவேன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலேயே அதற்கு எனக்கு ஒரு பேர். பக்கத்து மெஷின் பூங்காவனம் வேறு, காத மூடிக்கினா நீ இன்னாத்த கேப்ப இருதயம், டை உன்னாண்ட தான் பேசும் என்று ஏற்றிவிடுவான். அந்தப் பெருமைக்காக இருபத்தாறு வருஷம் ஒரு காதைத் திறந்து வைத்திருந்தேன். டைக்கும் எனக்கும் என்ன உறவு, சொல். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அந்த ரீங்காரம் ராத்திரிவரை போகாது, நீ யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்வாய், எனக்கு உன் வாயசைவுதான் தெரியும், ஆமாம்மா ஆமாம்மா என்பேன். அந்தப் பழக்கம் அப்போது வந்ததுதான். எத்தனை கதை போயிற்றோ தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நீ அனுப்பிய போட்டோ. அலுமினியம் அறுக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிறாய், காதை மூட வேண்டிய இயர் மஃப் உன் கழுத்தில் தொங்குகிறது. அம்மா உன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தாள், நான் அதைத்தான் பார்த்தேன். நீ மூக்குக்கண்ணாடி போடுகிறவள், இயர் மஃப் போட்டாலும் கண்ணாடிக் காம்பு இருக்கிற இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும், அதனால் உனக்கு அடைப்பான்தான் நல்லது. விரலைக் கழுவிவிட்டு அந்த ஃபோம் அடைப்பானை மெல்லிசாகச் சுருட்டி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வை, அது உப்பும்வரை விரலை எடுக்காதே. இரண்டு காதிலும் வை. ரொம்ப அடைக்கிறதாகவும் வாங்காதே, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தால் தெரிய வேண்டும், உங்கள் ஷெட்டின் சத்தத்துக்கு எது சரி என்று சேஃப்டி ஆபீசரைக் கேள். கையுறை எல்லாம் ஆம்பிளை சைஸ், விரல் நுனி தொங்குகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாதே, உன் சைஸ் கேட்டு வாங்கு, பிடிவாதத்தில் நீ என் பெண்தானே. சுற்றுகிற டிரில் பக்கத்தில் மட்டும் கையுறையே வேண்டாம், நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பையில் இருபது ஜோடி அடைப்பான் வைத்திருக்கிறேன், முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மூலையில் போட்டுவிடாதே.

இங்கே வேறு விசேஷம் இல்லை. ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. உன் அறை ஜன்னலைத் தினமும் நான்தான் திறந்து மூடுகிறேன். வீடு அமைதியாக இருப்பது என் காதினாலா, நீ இல்லாததாலா என்று எனக்கே தெரியவில்லை. காது மெஷின் வைத்தால் கிழவனாகத் தெரிவேன் என்று மூன்று மாதம் தட்டிக்கழித்தேன். நீ அழுதாய் என்று கேட்ட அன்றே போய் அளவு கொடுத்துவிட்டு வந்தேன், சனிக்கிழமை மாட்டுகிறார்கள். போனது முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கொஞ்சம் வந்தாலும் போதும்.

சேசுவின் ஆசீர் உன் தலைமேலும் கைமேலும் காதுமேலும் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு மறக்காமல் கூப்பிடு, வீடியோவில் வா, முகம் தெரிய மெதுவாகப் பேசு. அம்மாவைக் கேட்காதே, என்னையே அந்தக் கேள்வியைத் திரும்பக் கேள். இந்தத் தடவை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன் அப்பா,
இருதயராஜ்