சம்பந்தி கடை பேட்டரி

மார்ச் 4
சம்பந்தியோடு பேசிப் பதினோரு நாள். அவர் கடையில் வாங்கிய நாலு பேட்டரியும் இருபதாவது சார்ஜிலேயே மண்டையைப் போட்டன. ஐந்நூறு தடவை தாங்குமாம், அட்டையில் போட்டிருக்கிறது. கேட்டால், "உங்க கைராசி அப்படி சம்பந்தி" என்கிறார். அதுவும் மருமகள் முன்னால்!
22ஆம் தேதி அவர் வீட்டில் பேத்தி பிறந்தநாள். அதற்குள் அவர் சரக்கு மட்டம் என்று நிரூபிக்காமல் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.
"பேத்தி கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்கிறாள் இவள்.

மார்ச் 7
சர்க்யூட் தயார். மகனை விட்டு அதே கடையில் வாங்கிய புது பேட்டரி, அதோடு வந்த சார்ஜர், டார்ச் பல்ப், தானாகத் தட்டும் சுவிட்சாக ஒரு ரிலே. பல்ப் எரிந்து பேட்டரி ஒரு வோல்ட்டுக்குக் கீழே போனால் ரிலே தட்டி சார்ஜில் போடும். ஏறினால் திரும்பப் பல்புக்கு. ஒவ்வொரு சுற்றையும் பழைய கால்குலேட்டர் எண்ணும். யாரிடமும் கற்றதில்லை. எல்லாம் சொந்த மூளை.

மாலை: கால்குலேட்டரில் 2,316.
"அப்ப பேட்டரி ரொம்ப நல்லதா?" என்றாள். இவளை யார் கேட்டது?

மார்ச் 8
கோளாறைப் பிடித்துவிட்டேன். பல்பை விட்டதும் பேட்டரி லேசாக மூச்சு வாங்கி ஒரு வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. ரிலே உடனே பல்புக்கு இழுக்கிறது, மறுபடி இறக்கம். சார்ஜே ஏறாமல் எண்ணிக்கை மட்டும். வேலை செய்கிற மாதிரி நடிப்பு — கடை முதலாளியைப் போலவே.
டைமர் வைத்தேன். சார்ஜில் விழுந்தால் ஆறு மணி நேரம் அங்கேயே கிடக்கட்டும். எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.

மார்ச் 15
கால்குலேட்டரில் 21. பல்ப் முதல் நாள் போலவே எரிகிறது.

மார்ச் 17
27. சாகவே மாட்டேங்குதே!

மார்ச் 18
காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அதே பேட்டரிதானே? பழசை மட்டும் நீங்க செஞ்ச சார்ஜர்ல போட்டீங்க. தொட்டா சுடுதுன்னு அப்பவே சொன்னேனே?"
என் சார்ஜரை அளந்து பார்த்தேன்.
வேண்டியதைப் போல நாலு மடங்கு கரண்ட்.

மார்ச் 19
எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 22
போனேன். பேத்தி இழுத்துக்கொண்டு போய் சம்பந்தி பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டாள்.
"உங்க பேட்டரி மேல தப்பில்ல. என் சார்ஜர்தான்" என்றேன், தட்டைப் பார்த்து.
"என்ன சொன்னீங்க சம்பந்தி?"
நன்றாகக் காது கேட்கிற மனுஷன்! பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை, மருமகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கேக்கில் பெரிய துண்டை என் தட்டுக்குத் தள்ளினார்.
கிளம்பும்போது, 'இதில் போடாதீர்கள்' என்று எழுதிக் கடையில் தொங்கவிட அந்தச் சார்ஜரைக் கேட்டார். செத்தாலும் தர மாட்டேன். பேட்டரியைச் சோதித்த சர்க்யூட்டை வேண்டுமானால் நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.