முருங்கையில் மயிர்க்கொட்டி

வெள்ளவத்தை,
18.11.1984

அன்பின் அத்தானுக்கு,

அரசி எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் மகள் பவானியும் யாழ்ப்பாணத்தில் சுகமாக இருக்கவேண்டுமென்று பிள்ளையாரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு இருமல் விட்டதா?

உங்கள் கடிதம் கிடைத்தது. மயிர்க்கொட்டி பிடித்த முருங்கையை வெட்டிப்போட்டு, வேலையையும் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றும் நடவாது. போன வருஷம் ஆடிக் கலவரத்தில் வீட்டோடு சேர்ந்து எரிந்த மரம் அது. நாங்கள் புதுக்கூரை போட்டு முடிக்க முதலே கருகிய அடியிலிருந்து தளிர்த்தது. புழுவுக்குப் பயந்து அதை வெட்டுவேனா?

ஆனால் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். அடிமரம் முழுக்கப் புழுக்கள் கம்பளி போர்த்தியதுபோல் அப்பிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு, ஊரில் ஐயா செய்வதுபோலத் தென்னோலையில் பந்தம் கட்டிக் கொளுத்தினேன். பாதிகூட எரிக்கவில்லை, அடுத்த வீட்டுச் செலீன் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு, பாஸ்போட் பையோடு கடற்கரைப் பக்கம் ஓடுகிறாள். மதிலுக்கு மேலால் நெருப்பைக் கண்டிருக்கிறாள். பந்தத்தை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிப் பிடித்தேன். "வந்திட்டாங்களோ அக்கா?" என்று கேட்டாள். மயிர்க்கொட்டி என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. சின்னவன் காற்சட்டையை நனைத்துவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அத்தான். எல்லாவற்றையும் பட்ட நானே அதை யோசிக்கவில்லையே.

இனி இந்த வளவில் பந்தம் கிடையாது. மர்ஸூக் நானாவின் கடையில் சவர்க்காரம் வாங்கிக் கரைத்து, காலையில் அவை அடிமரத்தில் கூடிக் கிடக்கும்போது ஊற்றித் தும்புத்தடியால் வாளிக்குள் தட்டிவிழுத்துகிறேன். இரண்டு நாள் மதிலுக்கு அப்பால் நின்று பார்த்த செலீன், இப்போது தானே ஒரு தும்புத்தடியோடு வருகிறாள். கை முழுக்கத் தடித்துப்போய், சொறிந்து சொறிந்துதான் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். மரத்தில் புழு முக்கால்வாசி குறைந்துவிட்டது. மிச்சத்தையும் விடமாட்டேன்.

நெருப்புக்குச்சி உரசும் சத்தத்துக்கே பவானி கட்டிலுக்குக் கீழே ஒளிகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு அழுதேன். ஒளிந்துகொண்டே வளரவேண்டிய பிள்ளையா அவள்? தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருகிற அன்று முருங்கையிலை வறைதான். இலையை அவளே ஆயட்டும். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், அடுப்பையும் அவளே மூட்டட்டும்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் பத்திரமாக ரயிலேற்றிவிடுவார். மறுக்காதீர்கள்.

உங்கள்,
அரசி