பதினேழாம் நம்பர் எலி

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? மாத்திரையை வெறும் வயித்துல போடாதே. நான் நல்லா இருக்கேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. தனியா இருக்கிறவங்க உடம்பு எப்படி மாறுதுன்னு எங்க ஆய்வுக்கூடத்துல ஆராய்ச்சி நடக்குது. ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்கிற ஆளும் வேணுமாம். எலிக்கூண்டு கழுவிட்டிருந்த என்னை டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ரத்தம் எடுத்துட்டு ஒரு பாரத்தை நீட்டினாங்க. "இந்த வாரம் யார் யாரோட பேசினீங்க?"ன்னு அதுல ஒரு கேள்வி. ரொம்ப நேரம் யோசிச்சு, 'பதினேழாம் நம்பர் எலி'ன்னு எழுதினேன். கூண்டு மாத்தும்போது அதுகிட்ட, "தள்ளிக்கோடா"ன்னு சொல்வேன்.

டாக்டரம்மா சிரிப்பாங்கன்னு பார்த்தேன். அவங்க 'நல்லா இருக்கிறவங்க' கட்டுலேர்ந்து என் பாரத்தை எடுத்து 'தனியா இருக்கிறவங்க' கட்டுல வெச்சாங்க. நானும் மிச்சக் கூண்டைக் கழுவப் போயிட்டேன். பயப்படாதே, ரத்தத்துல ஒரு குறையும் இல்லையாம்.

நீ போத்திக்கிற பழைய போர்வை ஒண்ணு அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை மறுபடியும் அதே பாரம் தருவாங்க. அந்த வாரம் ஒரு போன் பண்ணும்மா. எழுத ஒரு பேர் வேணும்.

வேலைக்கு மணி அடிச்சுட்டாங்க.

உன் சின்னவன்